புள்ளித்திட்டத்தில் ‘பிறவும்’ எங்கே?

தவணைப் பரீட்சைக்குத் தமிழ் வினாத்தாள் ஆக்குகிறவர்களுக்கும், அதற்குப் புள்ளித்திட்டம் எழுதுகிறவர்களுக்கும் வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் உள்ள ஒரு பாடசாலையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். பெயர் வேண்டாம், போட்டால் ஆளைப் பற்றிக் கதைப்பார்கள், விசயம் போய்விடும். போன தவணை நான் ஒரு பிள்ளைக்குச் செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன். பிழை செய்தது என் சிவப்புப் பேனை. அதைப் பிடித்து நடத்தியது உங்கள் தாள்.

வினா இது: ‘உவமையணியை உதாரணம் தந்து விளக்குக.’ இரண்டு புள்ளி. பின்வாங்கில் இருக்கும் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: ‘அதிபர் கூப்பிட்டுக் கேட்டபோது, பாலைப்பழம் தின்ற வாய் மாதிரி என் வாய் ஒட்டிக்கொண்டது.’

வன்னிக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். பாலைப்பழம் சின்னது, மஞ்சள் நிறம், நல்ல இனிப்பு. பழத்தில் ஒரு பால் இருக்கிறது. ஒரு கை அள்ளித் தின்றால் மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ளும், நாக்கால் நனைத்து நனைத்துத்தான் பிரிக்கவேண்டும். கரடிக்கும் அந்தப் பழம் என்றால் உயிர். அதனால் காட்டுக்குள் பழத்துக்குப் போகிறவர்கள் தனியே போகமாட்டார்கள். இதெல்லாம் அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லாத அறிவு.

புள்ளித்திட்டத்தில் என்ன இருந்தது? ‘உவம உருபு (போல, போன்ற, ஒப்ப, அன்ன) இடம்பெறல் – 1 புள்ளி. உதாரணம் – 1 புள்ளி.’ அவன் ‘மாதிரி’ என்று எழுதியிருந்தான். அடைப்புக்குள் ‘மாதிரி’ இல்லை. இரவு பதினொரு மணி, முன்னால் நாற்பது விடைத்தாள், கண் எரிகிறது. ஒரு புள்ளி போட்டுவிட்டு அடுத்ததைத் திருப்பினேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று அவன் எழும்பி நின்றான். சண்டைக்கு நிற்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான்: “நீங்கள் ஒருநாளும் பாலைப்பழம் தின்னேல்லையோ ரீச்சர்?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து நன்னூலை எடுத்துப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் படித்த சூத்திரம்தான். மனப்பாடமாக இருந்ததாலோ என்னவோ, அது என்ன சொல்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. போல, புரைய, ஒப்ப, உறழ, மான என்று பவணந்தியார் 12 உருபுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். முடிக்கும்போது ‘என்பவும் பிறவும் உவமத்துருபே’ என்று முடிக்கிறார். பிறவும்! 13ஆம் நூற்றாண்டில் இருந்த மனிதர், தனக்குப் பின்னால் வரப்போகிற ‘மாதிரி’க்கும் ‘கணக்கா’வுக்கும் இடம் விட்டுவைத்துப் போயிருக்கிறார். நாங்கள் நாலு உருபை அடைப்புக்குள் போட்டு அடைப்பை மூடிவிட்டோம்.

அடுத்த நாள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். எங்கள் பாடசாலையில் மூத்த தமிழ் சேர் ஒருவர் இருக்கிறார், இலக்கணத்தில் அவரை அசைக்க ஏலாது. “அது சரி, ஆனால் உவமானம் உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லுதே, ‘உயர்ந்ததன் மேற்றே உள்ளுங் காலை’. பாலைப்பழம் தின்ற வாயில் என்ன உயர்வு?” என்றார். நானும் விடவில்லை. அதே தொல்காப்பியத்தின் உவமையியலில், உவமை பிறக்கும் இடங்களாகச் சிறப்பு, நலன், காதல், வலி என நாலைச் சொன்ன பிறகு, ‘கிழக்கிடு பொருளோடு ஐந்தும் ஆகும்’ என்று இழிந்த பொருளுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறது. அதிபருக்கு முன்னால் வாய் அடைத்து நிற்கும் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிறான் பையன். அதற்குத் தாமரையும் சந்திரனும் எதற்கு? சேர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, “சரி, வினை உவமம். ஒட்டுகிற தொழில்தான் பொதுத்தன்மை. முழுப் புள்ளி குடுத்திருக்கலாம்” என்றார். வினை, பயன், மெய், உரு என்று உவமை தோன்றும் வகை நாலு. அவன் சரியாக முதலாவதிலேயே நின்றிருக்கிறான், பெயர் தெரியாமலே.

மற்றப் பிள்ளைகள் பெரும்பாலானவர்கள் ‘மலர் போன்ற முகம்’ என்று எழுதி இரண்டு புள்ளி வாங்கினார்கள். எந்த மலர், யாருடைய முகம் என்று அவர்களிடம் கேட்டால் பதில் இல்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. ரியூசனில் அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எழுதினால்தான் புள்ளி விழுகிறது என்பதால் ரியூசனிலும் அப்படிச் சொல்கிறார்கள்.

இனி ‘கருப்பொருள்’. இந்தச் சொல்லைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பொறுமையாகவே கதைக்கவேண்டும்.

ஒரு மாதிரி வினாத்தாளில், பயணிகள் இறங்கிக் கும்பிடும் பிள்ளையார் கோயில் இருக்கிற முறிகண்டியில் கச்சான் (நிலக்கடலை) விற்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கதைப் பகுதி வந்தது. பயணி ஒருவர் விட்டுச்சென்ற பணப்பையை அவள் எடுத்துவைத்துத் திருப்பிக் கொடுக்கிறாள். வினா: ‘இக்கதையின் கருப்பொருள் யாது?’ அதற்கு முந்தின கிழமைதான் நான் ஐந்திணை படிப்பித்திருந்தேன். ஒரு பிள்ளை எழுதினாள்: ‘தெய்வம் – பிள்ளையார். உணவு – கச்சான். விலங்கு – குரங்கு. மரம் – பாலை. பறை – கோயில் மேளம். தொழில் – கச்சான் வறுத்து விற்றல்.’ பறவை கதையில் இல்லாததால் ‘பறவை கூறப்படவில்லை’ என்று ஒரு குறிப்பும் போட்டிருந்தாள். புள்ளித்திட்டத்தின்படி விடை ‘வறுமையிலும் நேர்மை’. அவளுக்குப் பூச்சியம்.

அவள் எங்கே பிழைவிட்டாள்? தொல்காப்பியத்தில் கரு என்றால் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ். நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்த நிலத்தில் புழங்குகிறவை கருப்பொருள், அங்கே நடக்கும் மன ஒழுக்கம் உரிப்பொருள். நவீன கதையைப் பற்றிப் பேச வந்தவர்கள், கதை எதைப் பற்றியது என்பதற்கும் அதே ‘கருப்பொருள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். உண்மையில் அந்த இடத்துக்குக் கிட்ட நிற்பது உரிப்பொருள்தான். ஒரே பாடத்தில், ஒரே கொப்பியில், ஒரே சொல்லுக்கு ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு பொருள்! பிள்ளை திங்கட்கிழமை படித்ததை வெள்ளிக்கிழமை எழுதினால் பூச்சியம் என்றால், திங்கட்கிழமை நான் படிப்பித்தது எதற்கு? கதைக்கு ‘மையக்கருத்து’ என்று கேளுங்கள், யாருக்கும் குழப்பம் வராது. கருப்பொருளைத் திணைக்கே விட்டுவிடுங்கள். (அந்தச் சூத்திரமும் ‘அவ்வகை பிறவும் கருவென மொழிப’ என்றுதான் முடிகிறது. இரண்டாந்தரமும் ‘பிறவும்’. அவளுடைய கச்சானுக்கும் அதற்குள் இடம் இருந்திருக்கும்.)

எதிர்ப்பக்கத் தொல்லையும் இருக்கிறது: ஒரு பொருளுக்கு மூன்று பெயர். களம், கதைக்களம், பின்புலம். நோக்குநிலை, பார்வைக்கோணம், கதைக்கோணம். ஒரு வினாத்தாளில் ஒன்று, அடுத்ததில் மற்றது. சொல் மாறினால் பிள்ளை புதிதாக ஏதோ கேட்கிறார்கள் என்று நினைத்துத் திகைத்துவிடுகிறது. இதற்கு ஒரு பொதுச் சொற்பட்டியல் போட்டால் போதும், ஒரு பக்கத்துக்கு மேல் வராது.

கதைப்பின்னலுக்கு வருகிறேன். ஆங்கில எழுத்தாளர் ஈ. எம். ஃபோர்ஸ்ரர் 1927இல் சொன்ன விளக்கம் எங்கள் ஆசிரியர் குறிப்புகளிலும் சுற்றுகிறது. அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் கதை. அரசன் இறந்தான், அந்தத் துயரத்தில் அரசி இறந்தாள் என்றால் கதைப்பின்னல். நல்ல விளக்கம்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அரசனும் அரசியும் எங்கேயோ தூரத்து ஆட்கள். நான் கரும்பலகையில் வேறு இரண்டு வசனம் எழுதினேன்: ‘குளம் வான் பாய்ந்தது. மாமா மோட்டார் சைக்கிளை விற்றார்.’ (வான் பாய்வது என்றால் குளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் வெளியே பாய்வது.) எழுதிவிட்டு, “இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டேன்.

அன்றைக்கு மணி அடித்தும் பிள்ளைகள் எழும்பவில்லை. விதைத்த வயல் வெள்ளத்தில் போனது, பசளை வாங்கிய கடனைக் கட்ட விற்றார் என்றது ஒரு பிள்ளை. இல்லை, வெள்ளத்துக்குள் சைக்கிளே முழுகி என்ஜினுக்குள் சேறு போய்விட்டது, கிடைத்த விலைக்குத் தள்ளினார் என்றது இன்னொன்று. மாமாவின் மாடுகள் அடித்துப் போய்விட்டன, புது மாடு வாங்க விற்றார் என்றான் ஒருவன். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்தபோது இவர்கள் சின்னப் பிள்ளைகள். கேட்டும் பார்த்தும் எல்லாருக்கும் தெரிந்த விசயம். ஒரே இரண்டு வசனத்திலிருந்து மூன்று கதைப்பின்னல் கிடைத்தது. வரைவிலக்கணம் அதற்குப் பிறகுதான் எழுதிப் போட்டேன், இரண்டு வரி. இப்போது உங்கள் வினாவைப் பாருங்கள்: ‘கதைப்பின்னல் என்பதை வரையறுக்க.’ அந்த இரண்டு வரிக்கு மட்டும்தான் புள்ளி இருக்கிறது.

எல்லாக் குறிப்புகளிலும் ஒரு மலை இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஆரம்பம், வளர்ச்சி, உச்சம், இறக்கம், முடிவு என்று முக்கோணமாக ஏறி இறங்கும் படம். மலை என்று ஒன்றைக் கண்ணால் காணாத வன்னிப் பிள்ளைக்கு அதைக் கீறிக் காட்டுவது கிடக்கட்டும். அந்தப் படம் குஸ்தாவ் ஃபிரைட்டாக் என்ற ஜேர்மனியர் 1863இல் நாடகத்துக்காகச் சொன்னது, அதுவும் ஐந்து அங்க நாடகத்துக்கு. அதைக் கொண்டுவந்து ஒன்றரைப் பக்கச் சிறுகதையின் மேல் வைத்து, ‘முடிவு அமைதல் – 3 புள்ளி’ என்று எழுதிவிட்டார்கள்.

தரம் 11 பிள்ளை ஒருத்தி கதை எழுதித் தந்தாள். ஓர் அம்மம்மா. காலையில் ஒரு படத்தை எடுத்துச் சீலைத் துண்டால் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுகிறாள், மாங்குளத்தில் இறங்கி மாறிக் கிளிநொச்சிக்குப் போகிறாள். பின்னேரம் வருகிறாள். படத்தைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைக்கிறாள். அடுத்த நாளும் சீலைத் துண்டை எடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தில் உட்கார்ந்தது உங்களுக்கும் தெரியும். பிள்ளை அதன் பெயரைக்கூட எழுதவில்லை. முடிவுக்கு உரிய அந்த 3 புள்ளியை என்ன செய்வது? நான் கொடுத்துவிட்டேன். மேற்பார்வைக்கு வந்தவர், “முடிவு இல்லையே” என்றார். அந்தக் கதைக்கு முடிவு எழுதவேண்டியது இந்தப் பிள்ளை இல்லையே என்றேன். அவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை, தாளையும் திருத்தவில்லை.

முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்றும் ஒரு குறிப்பில் வாசித்தேன். அதை எழுதியவர் கோவலன் கூத்துப் பார்த்ததில்லைப் போல. முல்லைத்தீவுப் பக்கம் விடிய விடிய ஆடும் கூத்து அது. பாயை விரித்துக்கொண்டு பார்க்கிற எல்லாருக்கும் கோவலன் வெட்டுப்படப் போவது தெரியும். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போய் வரும் சனத்துக்குக் கண்ணகியின் கதையைச் சொல்லித் தரவா வேண்டும்? அப்படியும் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு வெளிக்கிடும்போது என் பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி, “போகாதை மோனை” என்று வாய்விட்டுச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பார்க்கிறவளுக்குத் தெரியும், மேடையில் நிற்பவனுக்குத் தெரியாது. நாடக முரண் என்று நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

சிலப்பதிகாரத்தில் மதுரை மதிற்கொடிகள் காற்றில் அசைவதை, கோவலனையும் கண்ணகியையும் பார்த்து வரவேண்டாம் என்று கை காட்டுவது போல என்று பாடுகிறார் புலவர்: ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட.’ தற்குறிப்பேற்ற அணிக்கு எங்கும் கொடுக்கும் உதாரணம். கொடி அசைவது இயல்பு, அதன்மேல் புலவர் தன் குறிப்பை ஏற்றுகிறார் என்று எழுதினால் முழுப் புள்ளி. அந்தக் கொடி செய்கிற வேலையும் கிழவி செய்த வேலையும் ஒன்று என்று எழுதினால்? என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படியேதான் சொன்னாள், “கொடிக்கும் தெரிஞ்சிருக்கு ரீச்சர், அவருக்குத்தான் தெரியேல்லை” என்று. அந்த விடைக்கு உங்கள் தாளில் இடம் இல்லை. அணியின் பெயர் ஒரு புள்ளி, விளக்கம் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

பாத்திரம், உரையாடல், மொழிநடை பற்றியெல்லாம் சொல்ல இருக்கிறது, மடல் நீண்டுவிடும். நோக்குநிலைக்கு மட்டும் ஒன்று. கட்டாக்காலி மாடு வயலுக்குள் இறங்கிய சம்பவத்தை வயல்காரன், மாட்டுக்காரன் என்று ஆளுக்கொரு பக்கமிருந்து எழுதச் சொன்னேன். ஒருத்தி மாட்டின் பக்கமிருந்து எழுதினாள்: ‘முந்தி இது நான் மேய்ந்த இடம். இப்போது கம்பி.’ தன்மை நோக்குநிலை, படர்க்கை நோக்குநிலை, எல்லாம் அறிந்த கதைசொல்லி என்ற மூன்றையும் அதற்குப் பிறகு நான் ஒரு பாடவேளையில் முடித்தேன்.

நான் கேட்பது பெரிய விசயமில்லை. கலைச்சொற்களை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. அவை இல்லாமல் பிள்ளையோடு ஒரு கதையைப் பற்றிக் கதைக்க ஏலாது. ‘அணியின் பெயரைக் குறிப்பிடுக’ என்பதோடு நிறுத்தாமல், ‘அந்த உவமையை எடுத்துவிட்டால் இவ்விடத்தில் என்ன குறையும்?’ என்று ஒரு வினா சேருங்கள். களத்தைக் கேட்கும்போது, ‘கிராமம்’ என்ற ஒரு சொல்லுக்குப் புள்ளி போடாமல், அந்தக் குளம் இல்லாவிட்டால் இந்தக் கதை நடக்குமா என்று கேளுங்கள். பந்தியை வாசித்து விளங்கி விடை எழுதும் வினாக்களுக்கு ‘பொருத்தமான வேறு விடைகளுக்கும் புள்ளி வழங்குக’ என்று நீங்களே எழுதுகிறீர்கள். அணிக்கும் கதைக் கூறுகளுக்கும் வரும்போது அந்த வரி காணாமல் போய்விடுகிறது. அதைத் திருப்பிப் போடுங்கள். திருத்துகிற எங்களுக்கு வேலை கூடும் என்று கவலைப்பட வேண்டாம். நாற்பது ‘மலர் போன்ற முகம்’ வாசிக்கிற களைப்பை விட அது குறைவு.

பாலைப்பழப் பையனின் விடைத்தாளில் அந்த ஒரு புள்ளியைச் சேர்த்துவிட்டேன். அவனுக்கு முதலில் 64. சேர்த்தால் 65, ‘சி’ இலிருந்து ‘பி’ ஆகிறது. ஆனால் தேர்ச்சி அறிக்கையில் 64 என்று ஏற்கெனவே எழுதிக் கையொப்பமும் வைத்தாகிவிட்டது. வெட்டித் திருத்துவதென்றால் காரணம் எழுதித் தரவேண்டுமாம். எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ‘மாதிரி என்பதும் உவம உருபே.’ இரண்டு கிழமையாகிறது, இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ஆசிரியை
ஒட்டுசுட்டான் பக்கம், வன்னி